குதிரையின் கால் உறை எதைக் காக்கும்?

மதுரையில் பழங்காநத்தம் ரவுண்டானாவைத் தாண்டித் திருப்பரங்குன்றம் போகும் சாலையில், முகூர்த்த நாட்களில் சாரட் வண்டிகளைப் பார்க்கலாம். மாப்பிள்ளை அழைப்புக்கு வரும் குதிரைக்கு நெற்றியில் குஞ்சம், முதுகில் ஜரிகை விரிப்பு, காலில் சலங்கை என்று அலங்காரம் செய்திருப்பார்கள். சில குதிரைகளின் முழங்காலுக்குக் கீழே கறுப்பிலோ சிவப்பிலோ ஓர் உறையும் இருக்கும். வெல்க்ரோ பட்டையால் ஒட்டிய அந்த உறையைக் குதிரைக்காரர்கள் பூட் என்பார்கள். சிலர் பூட்டுக்குப் பதிலாகத் துணிப் பட்டையைச் சுற்றி பேண்டேஜ் கட்டியிருப்பார்கள்.

இது எதற்கு என்று கேட்டால், காலுக்குப் பலம் என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். இந்த நம்பிக்கை குதிரைக்கு நல்லதில்லை. பூட் போட்டுவிட்டோம், கால் பத்திரம் என்று நினைத்து கூடுதல் தூரம் ஓட்டிவிடுவார்கள். உண்மையில் உறை தடுப்பது வெளியிலிருந்து காலில் விழும் அடியை மட்டும்தான். குதிரையின் சொந்த எடை காலுக்குள்ளே ஏற்படுத்தும் இழுப்பைத் தடுக்க அதனால் ஏறக்குறைய முடியாது. தவறாகப் போட்டால் உறையே காயத்தை உண்டாக்கிவிடும். ஏன் இப்படி என்று தெரிந்துகொள்ள, குதிரையின் கால் எப்படிப்பட்டது என்று முதலில் பார்த்துவிடுவோம்.

உங்கள் உள்ளங்கையை மேசைமேல் வையுங்கள். மணிக்கட்டை மெல்ல உயர்த்தி, எல்லா விரல்களையும் எடுத்துவிட்டு நடுவிரலின் நுனி மட்டும் மேசையில் ஊன்றும்படி நிறுத்திப் பாருங்கள். குதிரை வாழ்நாள் முழுக்க நிற்பது இந்த நிலையில்தான். நாம் அதன் முன்னங்காலில் முழங்கால் என்று சொல்லும் மூட்டு உண்மையில் மணிக்கட்டு. அதற்குக் கீழே நேராக இறங்கும் குழல் எலும்பு, நம் உள்ளங்கையில் நடுவிரலுக்கு மேலே இருக்கும் எலும்புதான். குளம்பு அந்த நடுவிரலின் நகம். மற்ற விரல்கள் பல கோடி ஆண்டுப் பரிணாமத்தில் மறைந்துவிட்டன. இரண்டு விரல்களின் மிச்சம் மட்டும் குழல் எலும்பின் இருபுறமும் மெல்லிய குச்சி எலும்புகளாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மணிக்கட்டுக்குக் கீழே தசை என்று சொல்லத்தக்கதாக எதுவும் கிடையாது. தோல், அதன் அடியில் எலும்பு, எலும்பின் பின்புறம் கயிறுகளாக இறங்கும் தசைநாண்கள், அவ்வளவுதான். காலை அசைக்கும் தசையெல்லாம் மேலே, தோள் பக்கமும் முன்கையிலும் இருக்கிறது. கால் நுனி கனமில்லாமல் இருந்தால்தான் அதை வேகமாக வீசி ஓட முடியும். அந்த வேகத்துக்காகக் குதிரை கொடுத்த விலைதான் மெத்தையே இல்லாத இந்தக் கீழ்க்கால்.

கோச்சடை அய்யனார் கோயில் வாசலில் நிற்கும் பெரிய குதிரைகளையோ, சுற்றுவட்டாரக் கிராமங்களின் மண் குதிரைகளையோ பார்த்தவர்களுக்கு உயிருள்ள குதிரையின் கால் ஏமாற்றமாகக்கூட இருக்கலாம். வேளார்கள் மண்ணில் செய்யும் கால் தூண்போலப் பருத்திருக்கும். அத்தனை மண் எடையை மெல்லிய காலில் நிறுத்த முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். உயிருள்ள குதிரை அதைச் செய்து காட்டுகிறது. அதற்குத் துணை நிற்பவை தசைநாண்கள்.

குதிரை நின்றாலே உடல் எடையில் ஏறக்குறைய 60 விழுக்காடு முன்னங்கால்களுக்குப் போகிறது. 350 கிலோ எடையுள்ள ஒரு குதிரை பெருநடையாக ஓடும்போது, தரையில் ஊன்றும் ஒற்றை முன்னங்காலின்மேல் ஏறும் உச்ச விசை உடல் எடையைவிடச் சற்று அதிகம், அதாவது கிட்டத்தட்ட 400 கிலோ. நாலுகால் பாய்ச்சலில் அது உடல் எடையின் இரண்டரை மடங்கு வரை போகும். அப்படியென்றால் 850 கிலோவுக்கு மேல் ஒரு நடுவிரலின்மேல் இறங்குகிறது. அந்தக் கணத்தில் குளம்புக்கு மேலே, பின்பக்கம் முடிக்கற்றை தொங்கும் மூட்டு தரையைத் தொட்டுவிடுமோ என்னும் அளவுக்குத் தாழ்கிறது. பந்தயக்காரர்கள் ஃபெட்லாக் என்று சொல்லும் மூட்டு இது. அது தாழும்போது பின்புறத் தசைநாண்கள் நீள்கின்றன. குதிரை காலை எடுக்கும்போது அவை சுருங்கி, வாங்கிய ஆற்றலைத் திருப்பித் தருகின்றன. குதிரை சிக்கனமாக ஓடுவதன் இரகசியம் இதுதான்.

இந்த நாண்களில் தோலுக்கு மிக அருகில் இருக்கும் மேல்மடக்கு நாண்தான் அதிகம் பாடுபடுகிறது. பாய்ச்சலில் அது தன் நீளத்தில் 16 விழுக்காடு வரை நீள்வதாக அளந்திருக்கிறார்கள். அது அறுந்துபோகும் எல்லை இதற்கு வெகு அருகில் இருக்கிறது. பல பந்தயக் குதிரைகளின் பந்தய வாழ்க்கை இந்த நாணில்தான் முடிகிறது.

இப்போது உறைக்கு வருவோம். 400 கிலோ விசையில் தாழும் ஒரு மூட்டை வெளியே சுற்றிய துணியோ நியோப்ரீனோ தாங்கிப் பிடிக்க வேண்டுமென்றால், அதை எவ்வளவு இறுக்கிக் கட்ட வேண்டியிருக்கும்? அத்தனை இறுக்கத்தில் காலுக்கு இரத்தமே போகாது. சாதாரண இறுக்கத்தில் கட்டிய உறை, மூட்டின் இறக்கத்தில் மிகச் சிறிய மாற்றத்தைத்தான் ஏற்படுத்த முடியும். காலுக்குப் பலம் என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லாமல் போவது இங்கேதான்.

மதுரைக்காரர்கள் கவலைப்பட வேண்டிய இன்னொன்றும் உண்டு. அது வெப்பம். நீண்டு சுருங்கும் தசைநாண் தான் வாங்கிய ஆற்றல் முழுவதையும் திருப்பித் தருவதில்லை. 5 முதல் 10 விழுக்காடு வெப்பமாக உள்ளேயே தங்கிவிடுகிறது. நாணின் நடுப்பகுதிக்கு இரத்த ஓட்டம் குறைவு என்பதால் அந்தச் சூடு எளிதில் வெளியேறாது. பிரிட்டனில் வில்சன், குட்ஷிப் என்ற இரு ஆய்வாளர்கள் பாய்ந்தோடும் குதிரைகளின் தசைநாணுக்குள்ளேயே வெப்பமானியைச் செலுத்தி அளந்தார்கள். 1994-இல் வெளியான அந்த ஆய்வின்படி நாணின் மையம் 45 டிகிரி செல்சியஸ் வரை சூடாகியிருந்தது. அடுத்து நாணின் உயிரணுக்களைத் தனியே எடுத்துச் சூடாக்கிப் பார்த்தார்கள். 45 டிகிரியில் பத்து நிமிடம் வைத்தபோது பெரும்பாலான உயிரணுக்கள் பிழைத்தன. 48 டிகிரியில் பெரும்பகுதி மடிந்தன. இடைவெளி மூன்றே டிகிரி.

ஓடும் குதிரையின் கீழ்க்கால் காற்றில் வேகமாக வீசப்படுவதால் கொஞ்சம் குளிர்கிறது. அந்தக் காலைத் தடித்த உறைக்குள் அடைத்தால் காற்று படாது. வியர்வையும் உலராது. உறைக்கு அடியில் தோலின் வெப்பம் ஏறும். குளிர்நாட்டு மைதானத்தில் இது சிறிய விஷயமாக இருக்கலாம். சித்திரை வெயிலில் காற்றே 40 டிகிரியைத் தொடும் ஊரில், தார்ச்சாலையின் மேற்பரப்பு அதைவிட 15, 20 டிகிரி அதிகம் கொதிக்கும் நண்பகலில், உறையை மணிக்கணக்கில் கழற்றாமல் விடுவது குதிரைக்குச் செய்யும் கொடுமை. அலங்காரத்துக்காகச் செய்தாலும் கொடுமைதான்.

அப்படியானால் உறையே வேண்டாமா? வேண்டும். சில வேலைகளுக்குக் கட்டாயம் வேண்டும். களைத்த குதிரை, இளங்குதிரை, குளம்பு வெளிநோக்கித் திரும்பிய குதிரை ஆகியவை ஓடும்போது ஒரு காலின் குளம்பு எதிர்க்காலின் உட்புறத்தில் உரசும். சில நேரம் பின்னங்கால் குளம்பு முந்திவந்து முன்னங்கால் குதிகாலை மிதித்துவிடும். குளம்பில் அடித்திருப்பது இரும்பு லாடம் என்பதால், அது தோல்மேல் இறங்கினால் நேராக எலும்பில்தான் நிற்கும். கீழ்க்காலில் ஏற்படும் காயம் ஆறவும் வெகுநாள் ஆகும். அங்கே இழுத்து மூடுவதற்கு உபரித் தோல் இல்லை, அசைவும் ஓயாது. போதாக்குறைக்கு, புண்ணுக்கு மேலே சிவந்த சதை பொங்கி வளர்ந்து தோல் மூடவிடாமல் தடுக்கும் வழக்கம் குதிரையின் கீழ்க்காலுக்கு உண்டு. நெதர்லாந்தின் உட்ரெக்ட்டில் 1990-களின் இறுதியில் நடந்த ஆய்வில், பெரிய குதிரைகளைவிட மட்டக் குதிரைகளின் கால் காயங்கள் விரைவாக ஆறியது தெரியவந்தது. நம் ஊர் வண்டிகளில் மட்டக் குதிரைகள் அதிகம் என்பது அந்த அளவுக்கு ஆறுதல்.

லாடம் பற்றி ஒரு வார்த்தை. கால் உரசலுக்குப் பல நேரம் காரணமே சமமாகச் செதுக்காத குளம்பும், வெளியே துருத்திய லாடமும்தான். நல்ல லாடக்காரர் ஒருவர் அரை மணி நேரத்தில் சரிசெய்யக்கூடியதை, உறை போட்டு மறைப்பதில் பொருளில்லை. லாடம் அடிப்பவர்கள் உரிமம் பெற்றிருக்க வேண்டும் என்று 1965-லேயே இந்தியாவில் விதி வகுத்திருக்கிறார்கள். பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்த விதி அது. குதிரையின் கால் ஒரு கைவினைஞரின் கையில் எவ்வளவு இருக்கிறது என்று அதை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இனி, உறையைப் போடும் விதம். நான் மிக முக்கியமாக நினைப்பது இதைத்தான். விலை உயர்ந்த பூட்டைத் தவறாகப் போடுவதைவிட வெறும் கால் நல்லது.

முதலில் கால் சுத்தமாகவும் ஈரமில்லாமலும் இருக்க வேண்டும். கையால் மேலிருந்து கீழாகத் தடவினால் மணலோ வைக்கோல் துணுக்கோ தட்டுப்படக்கூடாது. ஒரே ஒரு மணல்பொடி உறைக்குள் மாட்டிக்கொண்டாலும், ஆயிரக்கணக்கான எட்டுகளில் அது தோலை அராவிப் புண்ணாக்கிவிடும். உறையின் உட்பக்கத்தையும் இதேபோலத் தடவிப் பார்க்க வேண்டும். முந்தைய நாளின் வியர்வை காய்ந்து உப்புப் படிந்து சொரசொரப்பாக இருந்தால், துவைத்துக் காயவைத்த பிறகுதான் போடலாம்.

குதிரையின் பக்கவாட்டில் குனிந்து நின்று போட வேண்டும். மண்டியிட்டு உட்காரக்கூடாது, குதிரை துள்ளினால் விலக நேரமிருக்காது. உறையை அது அமர வேண்டிய இடத்துக்கு ஒரு விரற்கடை மேலே வைத்து, முடி படிந்திருக்கும் திசையில் கீழே நகர்த்தி அமர்த்த வேண்டும். கீழே வைத்து மேலே இழுத்தால் முடி எதிர்த்து மடங்கி, சிறிது நேரத்தில் உறுத்தத் தொடங்கும். தடித்த பகுதி காலின் உட்புறம் வர வேண்டும், எதிர்க்கால் குளம்பு அடிப்பது அங்கேதான். பட்டைகள் வெளிப்புறத்தில், நுனி பின்னோக்கி இருக்கும்படி வர வேண்டும். நுனி முன்னோக்கி இருந்தால் இடது, வலது மாறிவிட்டது என்று பொருள். முன்னங்கால் உறை குட்டை, பின்னங்கால் உறை சற்று நெட்டை. மேல்விளிம்பு மணிக்கட்டு மடங்குவதைத் தடுக்காமலும், கீழ்விளிம்பு ஃபெட்லாக் மூட்டு தாழும்போது குத்தாமலும் இருக்க வேண்டும்.

நடுப்பட்டையை முதலில் ஒட்டிவிட்டால் உறை நழுவாது. பிறகு மேலும் கீழும் உள்ள பட்டைகள். எல்லாவற்றிலும் ஒரே இறுக்கம் வேண்டும். மேல்விளிம்பில் ஒரு விரல் நுழைய வேண்டும், இரண்டு விரல் தாராளமாகப் போனால் தளர்வு. தளர்ந்த உறை சுழன்று இறங்கும். குதிரை அதை மிதித்துத் தடுக்கி விழக்கூடும். அது வண்டியில் பூட்டிய குதிரையாக இருந்தால் விழுவது குதிரை மட்டுமில்லை. போட்டு முடித்ததும் பத்தடி நடத்திப் பார்த்து, உறை நகர்ந்திருக்கிறதா என்று மீண்டும் தொட்டுப் பார்க்க வேண்டும்.

பூட்டைவிட பேண்டேஜுக்குக் கைப்பழக்கம் அதிகம் வேண்டும். தெரியாதவர்கள் அதைத் தொடாமலிருப்பதே மேல். விரலில் நூலை இறுக்கிச் சுற்றினால் நுனி நீலம் பாரிப்பதைப் பார்த்திருப்போம். சுருக்கம் விழுந்த ஒரே ஒரு சுற்று குதிரையின் தசைநாணுக்கு அதைத்தான் செய்கிறது. துணியின் அடியில் பஞ்சுப்பட்டை இல்லாமல் இறுக்கிக் கட்டி, ஒரு இரவு அப்படியே விட்டுவிட்டால் நாண் வீங்கி, வில்போல வளைந்து தெரியும். கட்டே உண்டாக்கிய காயம் அது. அதனால் அடியில் எப்போதும் ஒரே தடிமனில் பஞ்சு விரித்து, குழல் எலும்பின் நடுவில் தொடங்கி, கீழே ஃபெட்லாக் வரை இறங்கி, மீண்டும் மேலே ஏறி மணிக்கட்டுக்குக் கீழே முடிப்பார்கள். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூடும். முன்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் போய்ப் பின்னே சுற்றி உட்பக்கமாக வருவது வழக்கமான திசை. திசையைவிட, இழுப்பு எங்கே விழுகிறது என்பதுதான் முக்கியம். துணியை இறுக்குவதானால் முன்புறத்தில், எலும்பின்மேல் வரும்போது இறுக்க வேண்டும். பின்புற நாணின்மேல் இழுத்து இறுக்கவே கூடாது. நான்கு கால்களையும் ஒரே கை, ஒரே இறுக்கத்தில் கட்டுவது சுலபமில்லை. நல்ல குதிரைக்காரரை அதில்தான் அடையாளம் காணலாம்.

சலங்கைக்கும் இந்த விதிகள் அப்படியே பொருந்தும். தோல்வாரில் கோத்த பித்தளை மணிகள் குளம்புக்கு மேலே மெல்லிய இடத்தில் நாள் முழுக்க ஆடிக்கொண்டிருந்தால் அங்கே முடி உதிர்ந்து புண் வரும். திருவிழாவில் ஆடும் நாட்டியக் குதிரைக்குச் சலங்கை கட்டித்தான் ஆக வேண்டுமென்றால், ஆட்டம் முடிந்ததும் கழற்றிவிடலாமே.

இறுக்கத்தை வேண்டுமென்றே தவறாகப் பயன்படுத்துவோரும் உலகில் உண்டு. தடை தாண்டும் போட்டிகளில் பின்னங்கால் பூட்டை வலிக்கும்படி இறுக்கினால் குதிரை காலை மிகையாக உயர்த்தும், கம்பியில் கால் படாது. இந்தத் தந்திரத்தைத் தடுக்கப் பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பு பின்னங்கால் உறைகளின் நீளத்துக்கும் வடிவத்துக்கும் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2021 முதல் பன்னாட்டுத் தடைதாண்டும் போட்டிகள் அனைத்துக்கும் அது பொருந்தும். ஒரு காலில் போடும் சாதனங்களின் மொத்த எடை 500 கிராமைத் தாண்டக்கூடாது என்பதும் அவர்களின் விதி.

உறையால் காக்க முடியாத இன்னொரு பகுதி எலும்பு. அதன் பலம் தீவனத்தொட்டியில் இருந்து வருகிறது. இதற்குப் பாண்டிய நாட்டிலேயே பழைய சாட்சி இருக்கிறது. 1290-களில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, ஹோர்முஸ், ஏடன் பக்கமிருந்து கப்பல் கப்பலாகப் பாண்டியர்களுக்குக் குதிரைகள் வந்து காயல் துறையில் இறங்கியதையும், பராமரிப்பு அறிந்தவர்கள் இல்லாமல் அவற்றில் பெரும்பாலானவை மடிந்ததையும் எழுதியிருக்கிறார். திருவாதவூரர் மந்திரியாகக் குதிரை வாங்கப் போன கதையை ஆவணி மூலத் திருவிழாவில் இன்றும் நடத்தும் ஊர் இது. குதிரைக்காகக் கொட்டிய பொன் அப்படிப்பட்டது. மார்க்கோ போலோவின் குறிப்பில் என்னை நிறுத்தியவை வேறு இரண்டு செய்திகள். இங்கே குதிரைகளுக்குச் சோறும் சமைத்த இறைச்சியும் கொடுத்தார்களாம். உயர்ந்த சாதிக் குதிரைகளுக்குப் பிறந்த குட்டிகள்கூட இங்கே கால் கோணி, ஏறிச் செல்லத் தகாதவையாக வளர்ந்தனவாம்.

இன்றைய தீவன அறிவோடு பார்த்தால் இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்துப் படிக்கத் தோன்றுகிறது. குதிரையின் உணவில் கால்சியம் பாஸ்பரஸைவிடக் குறையக்கூடாது. ஒன்றரை மடங்கு இருந்தால் நல்லது. அரிசி, இறைச்சி இரண்டிலும் கணக்கு தலைகீழ். அரிசித் தவிட்டில் பாஸ்பரஸ் கால்சியத்தைப்போலப் பத்து மடங்குக்கும் மேல். இப்படிப்பட்ட தீவனத்தை மாதக்கணக்கில் தின்னும் குதிரை, இரத்தத்தில் கால்சியம் குறையாமலிருக்கத் தன் எலும்பையே கரைத்துக்கொள்ளும். மாவு ஆலைகளில் தவிடு தின்று வளர்ந்த குதிரைகளுக்கு முகவெலும்பு வீங்கித் தலை பெருத்துப்போனதை ஐரோப்பாவில் பழைய காலத்திலேயே கண்டிருந்தார்கள். தலை பெருப்பதற்கு முன்பே கால் நொண்டத் தொடங்கும். இன்று ஒரு காலில், நாளை வேறு காலில் என்று இடம் மாறும் நொண்டல் அது. தசைநாண் எலும்பிலிருந்து பெயர்ந்து வருவதும் உண்டு. எவ்வளவு நல்ல பூட்டுக்கும் இதில் வேலையில்லை.

கொள்ளும் தவிடுமே குதிரைத் தீவனம் என்று இருப்பவர்கள் தவிட்டைக் குறைத்து, குதிரைமசால் சேர்த்தால் இந்தக் கணக்கு நேராகும். குதிரைமசாலில் கால்சியம் ஏராளம். திருப்பரங்குன்றத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி, ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பழங்காநத்தத்துக் குதிரைக்காரருக்கு அது கூப்பிடு தூரம்.

வேலை முடிந்ததும் முதல் காரியம் உறையைக் கழற்றுவது. உடனே கீழ்க்காலில் பத்து, பதினைந்து நிமிடம் குளிர்ந்த தண்ணீர் ஓடவிட வேண்டும். நாணுக்குள் தேங்கிய சூட்டை இறக்க இதைவிட மலிவான வழி கிடையாது. ஈரம் காய்ந்த பிறகு, காலைத் தூக்கி மடக்கிப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பின்புற நாணை வைத்து மேலிருந்து கீழாக மெல்ல அழுத்திப் பார்க்கலாம். நல்ல நாண் கெட்டியாக, ஓரம் தெளிவாக, இரண்டு காலிலும் ஒரேபோல இருக்கும். ஒரு காலில் மட்டும் சூடோ வீக்கமோ இருந்தாலும், அழுத்தும்போது குதிரை காலை வெடுக்கென்று இழுத்தாலும் அன்றே வேலையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும். நொண்டும் வரை காத்திருக்கக்கூடாது. கிழிந்த நாண் ஆற ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆகும், ஆறினாலும் தழும்புத் திசு பழைய நெகிழ்ச்சியோடு நீளாது. அன்றாடம் வண்டி ஓட்டிப் பிழைக்கும் ஒருவருக்கு ஒரு வருடம் என்பது என்ன என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அந்த ஒரு நிமிடச் சோதனையைத் தினமும் செய்யச் சொல்கிறேன்.

வண்டியில் ஏறுபவர்களுக்கும் இதில் பங்குண்டு. 1965-ஆம் ஆண்டின் இழுவை, பொதி விலங்குகளுக்கான விதிகளின்படி, விலங்கு இழுக்கும் வண்டியில் ஓட்டுநரையும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளையும் தவிர நான்கு பேருக்கு மேல் ஏறக்கூடாது. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை விலங்கை வேலைக்குப் பயன்படுத்தக்கூடாது. ஒரு நாளில் மொத்தம் ஒன்பது மணி நேரத்துக்கு மேலும் கூடாது. வைகாசி முகூர்த்தத்துக்குச் சாரட் பேசும் வீட்டார், ஊர்வலத்தைக் காலை எட்டு மணிக்குள் முடித்துக்கொள்கிறோம் என்று குதிரைக்காரரிடம் அவர்களே சொல்லலாம். அவராகக் கேட்டால் அடுத்த தடவை வேறு வண்டியைக் கூப்பிட்டுவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு இருக்கும்.